ஸ்டில்ட்டை அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கிய பிறகு வரும் தொல்லைகள்: எதைப் பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது

மழை முடிந்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் தேடும் சமயத்தில்தான் எனக்கு இந்த வேலைகள் வரும். "கீழே ஸ்டோர் ரூம்ல ஒரு வாடை சார்." "சுவர் உப்பிப்போய் நிக்குது." "ஷட்டர் பாதியில நின்னுடுச்சு." முடிச்சூர், வரதராஜபுரம், மடிப்பாக்கம், வேளச்சேரி என்று சென்னையின் தெற்குப் பக்கம் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய வீடுகள் நிறையப் பில்லர் மேல் தூக்கிக் கட்டியவை. பில்லர்களுக்கு நடுவே திறந்து விட்ட அந்தக் கீழ்த்தளம்தான் ஸ்டில்ட். கீழே கார் நிற்கட்டும், வெள்ளம் வந்தால் குறுக்கே புகுந்து போகட்டும் என்பதுதான் கணக்கு. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றபோது அந்தக் கணக்கு பலருக்கு மறந்துபோனது. சும்மா கிடக்கிற இடம்தானே என்று நாலு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். 2021 நவம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்து அதை நினைவுபடுத்தின.

இது பில்லர் மேல் நிற்கும் வீட்டுக்கு மட்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் மண்ணும் ராபிஷும் நிரப்பிய வீட்டுக்குப் பொருந்தாது. உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

எங்கே போனாலும் இரண்டு விதி. தரை ஈரமாக இருந்தால் மெயினை அணைக்காமல் உள்ளே கால் வைக்காதீர்கள். பில்லரிலோ பீமிலோ விரிசலோ துருக்கறையோ தெரிந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

## சுவர் ஈரம், உப்புப் பூத்தல், பெயிண்ட் உரிதல்

பத்து அழைப்பில் ஆறு இதுதான். சுவரைத் தொடும் முன் இரண்டடி தள்ளி நின்று ஈரத்தின் வடிவத்தைப் பாருங்கள்.

### ஈரம் மேலிருந்து கீழே, ஒரு திட்டாக இருந்தால்

அது மாடியிலிருந்து வருகிறது. முதல் சந்தேகம் ஏசித் தண்ணீர்க் குழாய். மாடி ஏசியின் மெல்லிய குழாய் சுவரை ஒட்டியே முடிந்திருக்கும். வெயில் காலம் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். குழாயைத் திருப்பி விட்டுப் பத்து நாள் பாருங்கள். எனக்குத் தெரிந்து பல வீட்டில் செலவு அத்தோடு முடிந்தது.

குழாய் சரியாக இருந்தால் அடுத்தது கழிவுநீர்க் குழாய். கேசரி பவுடர் ஒரு ஸ்பூனை ஒரு வாளி நீரில் கரைத்து மேலே பாத்ரூம் தரைச் சல்லடையில் ஊற்றுங்கள். அன்றைக்கே கீழே சுவரில் ஆரஞ்சு படர்ந்தால் ஜாயின்ட்டில் கசிவு. பாத்ரூமுக்குத் தனி, கிச்சன் சிங்க்குக்குத் தனி, ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். எது எதிலிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

நல்ல தண்ணீர்க் குழாய்க்கு இரவுச் சோதனை. படுக்கும்முன் மேல் தொட்டியை நிரப்பி மட்டத்தைக் குறித்து, எல்லாக் குழாயையும் மூடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. மறுநாள் தொட்டி வால்வுகளில் ஒன்றை மட்டும் திறந்து வைத்துப் பாருங்கள், எந்த லைன் என்று பிடிபடும். இதற்கு மேல் பிளம்பர் வேலை.

### ஈரம் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி வரை, மேல் விளிம்பு அலை போல இருந்தால்

இது ஓதம், தரையிலிருந்து ஏறுகிறது. ஆனாலும் உடனே கெமிக்கல்காரரைக் கூப்பிடாதீர்கள்.

வெளியே போய்ச் சுவரின் அடியைப் பாருங்கள். செடி வைத்து மண் குவித்திருக்கிறீர்களா? வெளித்தரை உள்தரையைவிட உயரமா? இங்கே சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அரை அடி ஏறிக்கொண்டே வந்தது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிடும் அளவுக்குப் போன விஷயம். ஏற்கெனவே ஏறிய சாலை ஏறியதுதான். மண்ணை விலக்கி, சுவர் ஓரம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, தண்ணீர் சரிந்து ஓட வழி பண்ணினால் பாதி ஓதம் அடங்கும்.

அடுத்து ஓர் ஓரத்தில் ஓரடி தோண்டுங்கள். ஸ்டில்ட்டுக்கு ஏற்கெனவே பேவர் பிளாக் போட்டிருப்பார்கள். கொத்தனார் அதன் மேலேயே செங்கல் வைத்திருப்பார். அடியில் கான்கிரீட் இல்லை, ஓதத் தடுப்புப் பட்டையும் இல்லை. பேவருக்குக் கீழே இருக்கும் மணல் தண்ணீரை உறிஞ்சிச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நான் தோண்டிப் பார்த்தவற்றில் முக்கால்வாசி இப்படித்தான்.

என்ன செய்வது? உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். ஈரக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, மார்ச் முதல் மே வரை செங்கல்லை வெறுமனே காய விடுங்கள். கத்திரி வெயில் போல ஒரு டிரையர் கிடையாது. அப்புறம் வாட்டர்புரூஃப் கலவை சேர்த்துப் பூசி, சுண்ணாம்போ சாதாரண சிமென்ட் பெயிண்ட்டோ அடியுங்கள். எனாமல், டைல்ஸ் இரண்டும் வேண்டாம். வரதராஜபுரத்தில் ஒரு வீட்டில் ஓதத்தை மறைக்க நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். அடுத்த வருடம் ஈரம் டைல்ஸுக்கு மேலே, ஐந்தாவது அடியில் வந்து நின்றது. வீட்டுக்காரர் என்னிடம், "இன்னும் ரெண்டு அடி ஒட்டிடலாமா?" என்று கேட்டார்.

காய்ந்து பூசிய பிறகும் அடுத்த மழையில் திரும்பினால்தான் கெமிக்கல். சுவரின் அடியில் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு மருந்து ஏற்றுவார்கள். துளை போடாமல் மேலே பிரஷ் அடித்துவிட்டு உத்தரவாதம் தருகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி, அடிச் சுவரையே எடுத்துவிடுவது. கீழ் இரண்டு வரிசைச் செங்கல்லைப் பகுதி பகுதியாக எடுத்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை வைத்த ஜாலி பிளாக் வைத்துவிடுவேன். வெள்ளம் வந்தாலும் இந்த ஓட்டைகள்தான் காப்பாற்றும். அதை வெள்ளத் தலைப்பில் சொல்கிறேன்.

### தரையே வியர்த்தால்

ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. தாளின் மேல் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## சுவர் காய்ந்திருக்கிறது, ஆனால் பொருள்கள் பூசணம் பிடிக்கின்றன

கொலுப் பெட்டியைப் புரட்டாசியில் திறக்கும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். மடிப்பாக்கத்தில் ஒரு பாட்டி எனக்காகவே பெட்டியைத் திறந்து காட்டினார்கள். மரப்பாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. காகிதக்கூழ்ச் செட்டியாரும் ஆச்சியும் முகமெல்லாம் சாம்பல் பூத்து இருந்தார்கள். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தால் செட்டியாரின் வயிற்று வர்ணம் தாளோடு வந்தது. சுவரில் கை வைத்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு ஜன்னல்கூட இல்லை.

சோதனை: இரண்டு தட்டில் கொஞ்சம் கல் உப்பு. ஒன்று அறைக்குள், ஒன்று வெளியே மழை படாத இடத்தில், ராத்திரி முழுக்க. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு நீர்விடும். இரண்டும் நீர்விட்டால் பருவம் அப்படி, அறையைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது மட்டும் நீர்விட்டால் அறை மூச்சு விடவில்லை.

- பொருளைச் சுவரிலிருந்து நாலு விரல், தரையிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். அட்டைப்பெட்டியை ஒழித்து மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறுங்கள். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் இன்னும் மோசம்.
- எதிரெதிர்ச் சுவரில் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று காற்றுவழி. ஒரே சுவரில் இரண்டு ஜன்னல் வைத்தால் காற்று குறுக்கே போகாது.
- அப்புறமும் போதாவிட்டால் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன்.

இதற்கு நிபுணர் யாரும் தேவையில்லை. பட்டுப்புடவை, பத்திரம், போட்டோ ஆல்பம் மூன்றையும் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். ஸ்டில்ட் அவற்றுக்கான இடமில்லை. சீர் அண்டாவும் குத்துவிளக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

## வாடை

### சாக்கடை வாடை

செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். சுவர் கட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று அறுத்து உள்ளேயே விட்டிருப்பார்கள். அதை மாடிக்கு மேல்வரை ஏற்றுவது அரைநாள் வேலை. அது சரியாக இருந்தால் மேன்ஹோல் மூடியின் விளிம்பு, அதற்கடுத்து தரைச் சல்லடை. பயன்படுத்தாத சல்லடையில் தண்ணீர் வற்றினால் வாடை மேலே வரும், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும்.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், ஆளை இறக்கவே இறக்காதீர்கள். அடைத்த அறைக்குள் இருக்கும் டேங்க், திறந்த வெளியில் இருப்பதைவிட மோசம். நச்சுவாயு கலையாமல் நிற்கும். ஆளை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013 சட்டப்படி குற்றமும்கூட. கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் மூடியில் கை வைக்க வேண்டும்.

### கேஸ் வாடை

ஸ்விட்ச் எதையும் போடாதீர்கள், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள், சமையல் கேஸ் அவசர உதவிக்கான எண் அது. உபரி சிலிண்டரை ஸ்டில்ட் அறையில் வைப்பது பரவலான பழக்கம், மிக மோசமான பழக்கமும் அதுதான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜனோ லேசு, கூரையடியில் சேரும். இரண்டும் ஒரே அறையில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு முதலில் சிலிண்டரை வெளியே எடுக்க வைத்துவிட்டுத்தான் வந்த வேலையைப் பார்த்தேன்.

## வெள்ளம் வந்தது: சுவர் வளைந்தது, சாய்ந்தது, அல்லது தண்ணீர் வடியவில்லை

இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஓதம் பெயிண்ட்டோடு போய்விடும். இது உயிரை எடுக்கும்.

வெளியே ஒரு மீட்டர் உயரம் தண்ணீர் நின்று உள்ளே காலியாக இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அரை டன் பாரம் பக்கவாட்டில் தள்ளும். பத்தடிச் சுவருக்கு ஒன்றரை டன். ஸ்டோர் ரூமுக்குக் கட்டுவது பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர். சிலர் வெள்ளம் உள்ளே வரக்கூடாதென்று கதவடியில் சிலிக்கான் அடைத்து மணல் மூட்டை அடுக்குவார்கள். அறை எவ்வளவு இறுக்கமோ சுவர் விழ அவ்வளவு வாய்ப்பு.

### தண்ணீர் இன்னும் வெளியே நிற்கும்போது

மோட்டார் போட்டு உள்ளே இருப்பதை இறைக்காதீர்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை சுவருக்குத் தள்ளு இல்லை. நீங்கள் உள்ளே இருப்பதை இறைக்க இறைக்க வெளித்தண்ணீர் சுவரை உள்ளே தள்ளும். ஒரு வீட்டில் இரண்டு மணி நேரம் டீசல் மோட்டார் ஓடியது; மூன்றாவது மணி நேரத்தில் பின்சுவர் அப்படியே பலகை போல உள்ளே சாய்ந்தது. நல்லவேளை, மோட்டாருக்கு டீசல் வாங்க எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். தெருவில் தண்ணீர் இறங்க இறங்க, அதே வேகத்தில் இறையுங்கள்.

### தண்ணீர் வடிந்த பிறகு

தூரத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டோ செங்குத்தான கயிற்றை வைத்தோ சுவரைப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தாலோ நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ பக்கத்தில் போகாதீர்கள், முட்டுக் கொடுக்கவும் நீங்களே முயல வேண்டாம். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு இடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சுவர் வீட்டைத் தாங்கவில்லை. வீட்டைத் தாங்குவது பில்லர். அதனால் இடிப்பதற்குப் பயம் வேண்டாம்.

தரை பேவர் மேலே தூக்கியிருந்தால் அடி மணல் கழுவப்பட்டிருக்கும். பேவரை எடுத்து மணல் நிரப்பித் திரும்பப் பதிக்கலாம். ஆனால் பில்லர் ஓரத்தில் கை நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் இன்ஜினியர்.

### அடுத்த மழைக்கு முன்

சுவரில் ஓட்டை வையுங்கள். அமெரிக்காவில் வெள்ளப் பகுதியில் தூக்கிக் கட்டும் வீடுகளுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நம் ஊருக்கும் அது அப்படியே ஒத்துவருகிறது. ஒரு சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு. குறைந்தது இரண்டு திறப்பு, வெவ்வேறு சுவரில். திறப்பின் அடி விளிம்பு தரையிலிருந்து ஓரடிக்குள். 300 சதுர அடி அறைக்கு 300 சதுர அங்குலம். ஒன்பதுக்கு ஆறு அங்குலத் திறப்பு ஆறு வைத்தால் 324 வரும். கம்பிவலை கொஞ்சம் இடத்தை அடைக்கும் என்பதால் நான் எட்டாக வைப்பேன்.

கொசுவலை வேண்டாம், முதல் மழையிலேயே சருகும் பாலித்தீனும் அப்பிக்கொள்ளும். கால் அங்குல வெல்டு மெஷ் போதும், எலியையும் தடுக்கும். ஐப்பசி பிறக்கும் முன் ஒருமுறை சுத்தம் பண்ணுங்கள். ஷட்டர் உள்ள அறை என்றால் வெள்ள எச்சரிக்கை வந்ததும் ஷட்டரை ஓரடி தூக்கிவிடுங்கள், அதுவும் ஒரு திறப்புதான். பழைய வெள்ளம் ஏறிய மட்டம் பில்லரில் கறையாகத் தெரியும். அதற்கு மேல்தான் பொருள் வைக்கும் முதல் பலகை.

## விரிசல்

பேங்க் கார்டை எடுங்கள். அதன் தடிமன் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர். சுவரில் கார்டு நுழையாத விரிசல் பூச்சு விரிசல். பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். நுழைந்தால் இடத்தைப் பொறுத்துப் பிரியுங்கள்.

பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடு. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் வேறு வேறு மாதிரி விரியும். பூசும்போது கோழி வலை வைக்காததுதான் காரணம். கோட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் வரும்படி வலை அடித்துப் பூசினால் தீர்ந்தது.

பீமுக்கு அடியில் படுத்த கோடு. சுவரை ஒரே நாளில் கூரைவரை எழுப்பியிருப்பார்கள், கலவை காய்ந்து இறங்கியிருக்கிறது. அடைத்துவிடலாம்.

சுவரில் படிக்கட்டு போல, அல்லது மூலையிலிருந்து சாய்வாக. சுவர் இறங்குகிறது. அடியில் அஸ்திவாரம் இல்லாத அதே பேவர் கதைதான். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். மூன்று மாதத்தில் கண்ணாடி உடையவில்லை என்றால் நின்றுவிட்டது, அடைக்கலாம். உடைந்தால் அடைத்துப் பயனில்லை, சுவரைப் பிரித்து பில்லருக்குப் பில்லர் தரைப் பீம் போட்டுத்தான் திரும்பக் கட்ட வேண்டும்.

பில்லரிலேயே. நேர்க்கோடாகத் துருக்கறையோடு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது. சுவரைப் பிடிமானமாக்க பில்லரைக் கொத்துகிற கெட்ட பழக்கம் நம் கொத்தனார்களுக்கு உண்டு. கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் கவர் நாற்பது மில்லிமீட்டர்தான். அதில் பாதியைக் கொத்தி எறிந்துவிட்டு, அதன்மேல் ஓதச் சுவரையும் ஒட்டினால் வேறென்ன ஆகும்? சாய்வு விரிசல் என்றால், இரண்டு பில்லருக்கு நடுவே பாதி உயரம் மட்டும் சுவர் கட்டி மேலே திறந்து விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் சுவர் பில்லரை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால், நிலநடுக்கத்தில் மேலே மிஞ்சிய குட்டைப் பகுதிதான் முதலில் உடையும். இரண்டுக்கும் இன்ஜினியர், அதுவும் இந்த வாரமே. சிமென்ட் பூசி மறைத்துவிட்டு அவரைக் கூப்பிடாதீர்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியதே அந்த விரிசலைத்தான்.

## ஷட்டர், கதவு இறுகிப்போனால்

பக்கச் சேனலில் வெள்ளச் சேறு காய்ந்திருக்கும். கம்பி பிரஷ், தண்ணீர், காய்ந்த பிறகு கிரீஸ். பாதி வழியில் நின்று ஒரு பக்கம் சாய்ந்தால் தகடு வளைந்திருக்கிறது. தூக்கவே முடியாமல் கனத்தால் ஸ்பிரிங் போயிருக்கிறது. மேல் உருளையை நீங்கள் கழற்றாதீர்கள், முறுக்கிய ஸ்பிரிங் கையை உடைக்கும். ஷட்டர் மெக்கானிக் போதும். மரக்கதவு உப்பியிருந்தால் ஏப்ரல் வரை பொறுங்கள், மழைக்காலத்தில் இழைத்தால் கோடையில் சந்து விழும்.

## கரண்ட் டிரிப் ஆகிறது, சுவரில் சுர்ரென்கிறது

சுர்ரென்றால் சோதனை ஒன்றும் வேண்டாம். மெயினை அணையுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிரிப் மட்டும் ஆகிறதென்றால், காய்ந்த தரையில் செருப்போடு நின்று எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்குமான சின்ன ஸ்விட்ச்) கீழே இறக்கி, ஆர்சிசிபியை (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) மட்டும் ஏற்றுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைன். பெரும்பாலும் சம்ப் மோட்டார்தான். மோட்டாரின் இணைப்பை எடுத்தபின் நிற்கிறதென்றால் மோட்டார் கடைக்கு. இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் பைப்பில் தண்ணீர் நிற்கிறது, வயரை மாற்ற வேண்டும். வெள்ளத்தில் முழுகிய ஸ்விட்ச், பிளக் பாயின்ட் எதையும் காயவைத்துப் பயன்படுத்தாதீர்கள். இருநூறு ரூபாய் சாமானுக்கு அந்த ஆபத்து வேண்டாம். மாற்றும்போதே வெள்ளக் கறைக்கு மேலே ஏற்றி வையுங்கள்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் மற்ற வேலைக்கு முன் அதுதான். மின்வாரிய மீட்டரும் அறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் சீலில் கை வைக்காதீர்கள். இடம் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். மீட்டர் பெட்டி முழுகியிருந்தால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987.

## கரையான், எலி, அதன் பின்னால் பாம்பு

சுவரில் மண் கோடு தெரிந்தால் ஒரு இடத்தில் உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி அடைத்திருந்தால் உயிரோடு இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒரு அரை அங்குலத் துளை போட்டு மருந்து ஊற்றுவதுதான் முறை. மேலே தெளித்துவிட்டுப் போகிறவருக்குத் தெளித்த காசு மட்டும் கொடுங்கள்.

எலிக்கு அரை அங்குலச் சந்து போதும். ஷட்டர் அடி, குழாய் நுழையும் ஓட்டை இரண்டும் முக்கியம். எலி இருந்தால் சாரை வரும். சில நேரம் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். வெள்ளம் வடிந்த முதல் நாள் கையை விட்டுப் பெட்டியை இழுக்காதீர்கள். கம்பால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்து, அப்புறம் எடுங்கள். பாம்பு தெரிந்தால் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்கு 101. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

## நோட்டீஸ் வந்துவிட்டது

முதலில் உங்கள் திட்ட அனுமதி வரைபடத்தை எடுங்கள். அதில் கீழ்த்தளத்தில் "ஸ்டில்ட் பார்க்கிங்" என்று இருந்தால், அது வண்டி நிறுத்தத் திறந்த இடம் என்பதால்தான் தளப்பரப்புக் கணக்கில் சேராமல் மேல்மாடிக்கு அனுமதி கிடைத்தது. அடைத்த நிமிடமே அது விதிமீறல். நோட்டீஸ் பொதுவாக 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56 அல்லது 57-ஆம் பிரிவில் வரும். பதில் சொல்லக் கெடு போட்டிருக்கும். கெடுவை விட்டால் பூட்டி சீல் வைக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

அடுக்குமாடி என்றால் இன்னும் ஒரு சிக்கல். ஸ்டில்ட் பார்க்கிங் எல்லோருக்கும் பொதுவான பகுதி, அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்று 2010-ல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "நான் காசு கொடுத்து வாங்கிய இடம்" என்ற வாதம் அங்கே எடுபடாது.

வாங்கிய அனுமதி என்ன, கட்டியது என்ன என்பதைப் பதிவு பெற்ற இன்ஜினியரிடம் காட்டுங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் முடிவு ஒன்றுதான்: சுவரை எடுத்துவிட்டு, வண்டிக்கு இடம் விட்டு, மீதியில் பூட்டுப் போட்ட இரும்பு கிரில் அலமாரி ஒன்றைச் சுவரில் பதிக்காமல், வெள்ளக் கறைக்கு மேலே நிற்க வைப்பது. எடுத்த பிறகு நாலு பக்கமும் போட்டோ எடுத்து, தேதியோடு எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.